வயிறு வைத்த படகு

பதுளையில் ஃபைபர் பட்டறை வைத்திருந்த விதுஷா, ஓட்டோவுக்கு மட்கார்டும் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் வார்த்துப் பேர் வாங்கியவள். இந்த வருடம் ரேஸ் படகு ஒன்றைத் தானே வரைந்து, தானே வார்த்தாள். மொனராகலைப் பக்கம் ஒரு குளத்தில் நடந்த சின்ன மோட்டர் படகுப் போட்டிக்கு அதை லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். ஓட்டுவதற்குக் கொழுந்தன் ஜெயகுமார் கூட வந்தான்.

முதல் நாள் ஒத்திகையிலேயே சோதனை வந்தது. வேகம் பிடித்ததும் படகின் மூக்கு எழும்பியது, பொத்தென்று விழுந்தது, மறுபடி எழும்பியது. ஜெயகுமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறினான்.

"அண்ணி, இது படகா, தவளையா? பாதி வேகங்கூட குடுக்க முடியல."

போன வருடம் ஜெயித்த ஷப்ராஸ் பக்கத்தில்தான் தன் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முன்னுக்கு ஒரு மண் மூட்டைய வைங்க தங்கச்சி. மூக்கு அமுங்கிரும்."

"மூக்கு அமுங்கும்தாங்க. வேகமும் சேர்ந்து அமுங்கிருமே!" என்று விதுஷா சிரித்தாள்.

தான் வரைந்தது சரி என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அப்படியானால் வரைந்தது ஒன்று, வார்த்து வந்தது வேறொன்று. படகைக் கவிழ்க்கச் சொல்லி, நீளமான மட்டப்பலகையை அடிப்பாகத்தில் வைத்துக் குனிந்து பார்த்தாள். நடுவில் ஒட்டி உட்கார்ந்த பலகைக்கும் படகின் பின்முனைக்கும் இடையே சுண்டுவிரல் நுழைந்தது. நேராக ஓடி முடிய வேண்டிய அடி, வயிறு வைத்ததுபோல் வளைந்திருந்தது.

"இந்த வளைவுதான் பின்பக்கத்த தண்ணிக்குள்ள இழுக்குது. அதான் மூக்கு தூக்குது. அச்சுலருந்து எடுத்தப்ப ஒரே மழ, ஞாபகம் இருக்கா? குளிருல ரெசின் பசை சரியா இறுகல. எடுத்து நிமித்தி வச்சதும் வளைஞ்சிருச்சு."

"அப்ப திரும்பிப் போறதா?"

"எதுக்கு? அங்க குளிரு கெடுத்துச்சு. இங்க வெயிலு கொளுத்துதுல்ல!"

ரெசினில் கல்மாவைக் குழைத்து, பின்பக்கப் பள்ளத்தில் மெல்லிசாகப் பூசினாள். மட்டப்பலகையால் இழுத்து, இறுகியதும் மேலும் ஒரு பூச்சு. கடைசியில், தண்ணீர் ஒட்டாமல் பிரிந்து போகும்படி பின்விளிம்பைக் கத்தி முனைபோல் தேய்த்தெடுத்தாள். சாயங்காலம் மட்டப்பலகை வைத்தபோது வெளிச்சம்கூட நுழையவில்லை.

மறுநாள் போட்டியில் படகு எழும்பியது, எழும்பியபடியே நின்றது. பின்புறம் மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, வழுக்கிக்கொண்டு பறந்தது. நேர் ஓட்டத்தில் ஷப்ராஸையே தாண்டிவிட்டான் ஜெயகுமார். கரையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். ஆனால் கடைசித் திருப்பத்தில் படகு பக்கவாட்டில் சறுக்கி அகன்று போக, ஷப்ராஸ் உள்பக்கமாக நுழைந்து முந்திக்கொண்டார்.

இரண்டாவது இடம். ஜெயகுமார் துள்ளிக் குதித்து வந்தான். "அண்ணி, பாத்தீங்களா? ஒரு குலுக்கல் இல்ல!"

விதுஷாவுக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. அவன் தோளில் ஓங்கித் தட்டினாள். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"சறுக்குறப்ப முன்பக்கம் வழுக்குச்சா, பின்பக்கமா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அடியில மீனுத் துடுப்பு மாதிரி ஒரு சின்ன தகடு வச்சா, அடுத்த தடவ அந்தத் திருப்பமும் நம்மளுதுதான்."

"பின்பக்கம் அண்ணி."

"அப்ப வா, கவுப்போம்."