ஸ்டியரிங் கனத்த கோடை

என் மகன் கெப்ஹார்ட் அந்தச் சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கியபோதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. சொந்தக் கார் வைத்திருப்பவன் ரயிலில் வருகிறான் என்றால், திரும்பிப் போக வேறொரு காரைக் குறி வைத்துவிட்டான் என்று அர்த்தம். அது எங்கள் கார்தான்.

காபியை வாயில் வைப்பதற்குள் ஆரம்பித்தான். "அப்பா, நீங்களேதான் போன்ல சொன்னீங்க, ஸ்டியரிங்கைத் திருப்ப முடியல, கை ஓஞ்சுபோச்சுன்னு. இந்த வயசுல எதுக்கு வீண் வம்பு? வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். கடைக்குப் போக பஸ் இருக்குல்ல?"

பஸ்ஸாம்! எங்கள் மலையடிவாரத்துக்குப் பள்ளிக்கூடம் இருக்கிற நாளில்தான் பஸ் வரும். லீவு விட்டால் டிரைவருக்கும் லீவு.

என் கணவர் மாக்னுஸ் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆயுசு முழுக்கப் பாலாடைக்கட்டிப் பட்டறையில் உழைத்தவர். சூடான செப்பு அண்டாவிலிருந்து, திரண்ட கட்டியைத் துணியோடு ஒரே மூச்சில் தூக்கிய கைகள் அவருடையவை. அவற்றை இப்போது மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"முதல்ல சாவிய எடுங்க," என்றேன். "நேத்து அந்த ஊறுகாய் பாட்டில் மூடிய யார் திறந்தது? நான் தொங்கிப் பாத்தும் அசையாத மூடி. கை ஓஞ்ச மனுஷன் செய்யிற வேலையா அது?"

"மூடி வேற, ஸ்டியரிங் வேற, புர்கா," என்றார் என்னிடம்.

"மெக்கானிக்கிட்ட காட்டினீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "காட்டி, வண்டில ஒண்ணுமில்லைன்னு அவன் சொல்லிட்டா?"

கோடை முழுக்க இந்த மனுஷன் இதை மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை.

வசந்தத்தில் முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான் காரைத் தொடவில்லை. டாக்டர் அந்த வாரம்தான் ஓட்டலாம் என்றிருந்தார். ஆனால் அதற்கு முன் வருஷக்கணக்கில் பால் லாரி ஓட்டியவள் நான். நோவு வண்டிக்கா மனுஷனுக்கா என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மகனைக் கையோடு முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வண்டி நல்லாத்தான்மா இருக்கு. மார்ச்லதானே வண்டிச் சோதனைல பாஸ் ஆச்சு?"

"பேசாம உக்காரு. ஸ்டார்ட் பண்ணி வலது பக்கம் முழுசா ஒடி."

மந்திரி கையசைக்கிற மாதிரி ஒரு கையால் ஆரம்பித்தான். பிறகு இரண்டு கையாலும் பிடித்தான். கடைசியில் ஸீட்டிலிருந்து எழும்பித் தொங்கினான். பானெட்டுக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அவன் முகம் பீட்ரூட்டாகச் சிவந்துவிட்டது.

"உனக்கும் கை ஓஞ்சுபோச்சா ராசா?"

எஞ்சினை நிறுத்தச் சொல்லி பானெட்டைத் திறந்தேன். ஸ்டியரிங் ஆயில் அளவு சரியாக இருந்தது. சிவப்பு மங்கவில்லை, நுரையில்லை, கருகல் நாற்றமும் இல்லை. டயரில் காற்றும் போதுமான அளவு இருந்தது. ஆயில் இருந்தும் ஸ்டியரிங் கனக்கிறது, திருப்பினால் கிறீச்சிடுகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது, ஸ்டியரிங்கை இலேசாக்குகிற பம்ப் ஒழுங்காகச் சுற்றவில்லை என்று அர்த்தம்.

"மரநாய் ஏதாவது குழாயைக் கடிச்சிருக்கும்மா," என்றான் கெப்ஹார்ட். "அது வரக்கூடாதுன்னுதானே நான்..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

டார்ச்சை உள்ளே அடித்தேன். பம்பின் சக்கரத்தில் ஏதோ சுற்றி, உருகி, அப்பிக் கிடந்தது. கத்தி முனையால் நெம்பினேன். நைலான் காலுறை! அதற்குள்ளிருந்து கொத்துக் கொத்தாக நாய்முடி வந்தது.

எங்கள் ஊரில், ராத்திரியில் காருக்குள் புகுந்து குழாயைக் கடிக்கிற மரநாய்க்குப் பயந்து பானெட்டுக்குள் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் உண்டு. கக்கூஸ் வில்லை தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் மகனுக்கு நாய்முடிமேல் அபார நம்பிக்கை, நாய் வாசம் அடித்தால் மரநாய் அண்டாதாம். ஈஸ்டருக்கு வந்தவன், தன் நாயைச் சீவிய முடியை என் பழைய காலுறையில் திணித்து, எங்களிடம் மூச்சுவிடாமல் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அது அவிழ்ந்து விழுந்து பெல்ட்டில் சிக்கியிருக்கிறது.

"நல்லதுக்குத்தான்மா செஞ்சேன்."

"அப்பாகிட்டேருந்து சாவிய வாங்க வந்ததும் நல்லதுக்குத்தானே?"

பெல்ட்டின் உள்பக்கம் தேய்ந்து கண்ணாடியாகப் பளபளத்தது, இனி பிடிக்காது. வண்டிச் சாமான் விற்கிற கூட்டுறவுக் கடை மத்தியானத்தோடு மூடிவிடும். பூக்கூடை வைத்த என் சைக்கிளில் அவனைப் புது பெல்ட் வாங்கிவர விரட்டினேன். அதற்குள் மாக்னுஸ் வெளியே வந்துவிட்டார். அந்த நாய்முடியைக் காட்டினேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குனிந்தார். போல்ட்டைத் தளர்த்தி, பழைய பெல்ட்டைக் கழற்றி, சக்கரத்தில் ஒரு துணுக்கு நைலான் விடாமல் சுரண்டித் துடைத்தார். பெல்ட் வந்ததும் மாட்டி, இழுப்பு சரிதானா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

பிறகு தானே காரில் ஏறினார். இத்தனை நாள் பழக்கத்தில், இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி அது போய்விட்டது. கார் அப்படியே சுழன்று என் கீரைப் பாத்திக்குள் ஏறி நின்றது. கெப்ஹார்ட் துள்ளி ஒதுங்கினான்.

"பாத்துக்கோடா, கை ஓஞ்ச மனுஷனை!" என்று சிரித்தேன். கீரை போனால் போகட்டும்.

மாக்னுஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மகனைப் பார்த்தார். "கோடை பூரா ராத்திரியில இந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். நீ ஒரு தடவை வந்து அந்த ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாத்திருக்கலாம்டா."

கெப்ஹார்ட் குனிந்து, டயரில் நசுங்கிய கீரையை நிமிர்த்திவிடப் பார்த்தான்.

"ஏறு. ஸ்டேஷன்ல விடுறேன்," என்றார் மாக்னுஸ்.

சுற்றி வந்து, அப்பாவுக்குப் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.