கர்டிஸ் சத்தத்தைக் குறைக்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் சட்டையிலிருந்து பிறந்தது. ஐந்து முறை எழுதினேன், ஐந்து முறையும் கிழித்தேன். நடுவில் ஒரு வார்த்தை வருகிறது. கறுப்பர்களை மட்டம்தட்ட வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த வசை அது. அதை நான் எழுதக்கூடாது. எழுதாவிட்டால் கதை நகரமாட்டேன் என்கிறது.

முதல் தொடக்கம் இது: "டெட்ராய்ட் ஆற்றங்கரைப் பூங்காவில், கெய்ன்ஸ் என்ற கறுப்பர் குடும்பம் ஆண்டுக்கொருமுறை கூடும் நாளில், வயட் என்ற வெள்ளைக்கார மாப்பிள்ளை பாட்டைக் கேட்டதும்"

வேண்டாம்.

2

வயட்டுக்குச் செம்பட்டை முடி கொடுத்தேன். கோணல்மாணலாக ஆட விட்டேன். அவனைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கும் வசதி. மூன்றாம் பக்கத்தில்தான் உறைத்தது. வயட் என்று ஒருவனும் கிடையாது. அது நான்தான்.

3

பக்கத்து வீட்டு லாவெர்ன் கெய்ன்ஸ் அக்காவுக்குப் பதினைந்து வருடமாகச் சீட்டாட்டக் கூட்டாளி நான். அவர்கள் குடும்பம் கூடும் நாளில் எல்லாருக்கும் பெயர் அச்சடித்த ஒரே நிறச் சட்டை. பத்து வருடம் நான் என் சொந்தச் சட்டையில் போய்ச் சாப்பிட்டு வந்தேன். பதினோராவது வருடம் அக்கா ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டார்.

"போட்டுக்க கண்ணு. பத்தலன்னா தொப்பையக் கொற."

மஞ்சள் சட்டை. முதுகில் 'கெய்ன்ஸ்'. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டு போடுகிறவர் அக்காவின் தம்பி கர்டிஸ். அவருக்கு ஒரு வழக்கம். ஊருக்கே மனப்பாடமான பாட்டில் அந்த வார்த்தை வரும் இடத்தில் சத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடுவார். கூட்டமே சேர்ந்து அதைப் பாடி நிரப்பும். பத்து வருடம் அந்த இடத்தில் வாயை மூடியிருந்தவன், சட்டை போட்ட இருபதாவது நிமிடம், அக்காவின் காதருகில், தொண்டை கிழிய

[இதை முடிக்கப்போவதில்லை. முடித்தால் இரண்டாம் முறை பாடியதாகிவிடும்.]

4

அக்கா நின்றார். வரிசையாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

"என்ன சொன்ன நீ?"

"பாட்டுல இருக்குக்கா. நானா எழுதுனேன்?"

"பாட்டுல துப்பாக்கி கூடத்தான் இருக்கு. எடுத்துட்டு வந்தியா?"

கர்டிஸ் மைக்கிலேயே பரிந்துகொண்டு வந்தார். "விடுக்கா, மாறன் நம்ம பையன்."

"நீ பேசாத! நம்ம அப்பாவ ஃபேக்டரில முப்பது வருஷம் அப்படித்தான் கூப்ட்டானுங்க. அவரு பேரு ஹோரஸ்னு தெரிஞ்சே."

"அதனாலதான்க்கா பாடுறோம். அவனுங்க கையிலேருந்து புடுங்கி நம்ம வீட்டுல வெச்சிருக்கோம்."

"அப்ப வீட்டுலயே வெய்யி! தெருவுக்கே ஏன் ஸ்பீக்கர் வெச்சு ஊத்துற?"

(நம் ஊரிலும் அப்படியொரு பெயர் உண்டு. அதற்கு உரியவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள், நாம் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். அதை இங்கே எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கு இந்நேரம் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். அதேதான்.)

அவமானத்தில் என் காது சுட்டது. சட்டையைக் கழற்றித் திருப்பித் தந்துவிடலாம் என்று தலை வரை தூக்கிவிட்டேன்.

"கழட்டுன, கொன்னுருவேன்!" என்றார் அக்கா. "இந்தத் தொப்பையப் பாக்கவா இத்தன பேரு வண்டி கட்டி வந்திருக்கோம்? எறக்குடா."

இறக்கினேன். அவரே என் தோளில் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"சட்டையத்தான் குடுத்தேன் கண்ணு. எங்கப்பா பட்டதக் குடுக்கல."

பிறகு மேடையைப் பார்த்துக் கத்தினார். "கர்டிஸ்! மொதல்லேருந்து போடு!"

5

முடிவுகளில் ஒன்று: நான் கண்ணீர் மல்க ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றுகிறேன். (கூட்டம் இறைச்சி தீர்ந்துவிடுமே என்று பார்க்கிறது. அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. அந்த இடம் வந்தது. கர்டிஸ் சத்தத்தை இறக்கினார். அறுபது பேர் பாடுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன், சரி. உடம்பை என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் பாவனை காட்டி, திருவிழாவில் ஆடுகிற ஒரு குத்து குத்தினேன். பூங்காவே சிரிப்பில் சரிந்தது. முதலில் விழுந்து சிரித்தவர் அக்கா.

நான்கு வருடமாகிறது. இப்போதும் அந்த இடத்தில் கர்டிஸும் மற்றவர்களும் பாடுகிறார்கள், அது அவர்கள் பாடு. நான் குத்துகிறேன். அக்கா ஒருபோதும் அந்த வார்த்தையைப் பாடியதில்லை. அவரும் என்னோடு சேர்ந்து, முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே, ஒரு குத்து.

6

கடைசி வரியை நான் எழுதவில்லை. உங்கள் அளவுக்கும் ஒரு மஞ்சள் சட்டை சொல்லி வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். பாட்டு உங்களுக்கும் மனப்பாடம். இதோ கர்டிஸின் கை சத்தம் குறைக்கும் குமிழுக்குப் போகிறது. அக்கா உங்களைத்தான் பார்க்கிறார்.

[                    ]