சுருதி சொன்ன கோப்பை

வெனிஸில் மிளகு விற்றுப் பிழைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் கண்ணாடிக்கடை ஓர்சோலா வீட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பாடுவோம். மேல்குரல் ஓர்சோலா, கணவனை இழந்தவள், வியாபாரத்தில் புலி. அடுத்த குரல் நோட்டரி ஃபுல்ஜென்சியோ. நடுக்குரல் நான். கீழ்க்குரல் சாயப்பட்டறை போர்த்தொலோ. வாத்தியம் எதுவும் கிடையாது, நாலு தொண்டைதான். ஆளுக்கொரு புத்தகம், அதில் அவரவர் பாட வேண்டியது மட்டுமே இருக்கும். கண்ணை எடுத்தால் இடம் தொலைந்துவிடும்.

வாத்தியம் இல்லாத இடத்தில் சுருதிக்கு நிலையான விலை கிடையாது. தொடக்கச் சுருதி கொடுப்பது என் பொறுப்பு. "கொஞ்சம் இறக்கிக் கொடுங்க" என்பாள் ஓர்சோலா. "ஏத்திக் கொடுண்ணே, பாதாளத்துல போய்த் தேட என்னால ஆகாது" என்பான் போர்த்தொலோ. இருவருக்கும் திருப்தியில்லாத இடத்தில் நிறுத்துவேன். நியாயமான விலைக்கு அதுதானே அடையாளம்.

ஆனால் எங்கே தொடங்கினாலும், பாட்டு முடியும்போது சுருதி, ஓட்டைப் படகு மாதிரி, கொஞ்சம் அமிழ்ந்திருக்கும். பழி எப்போதும் போர்த்தொலோவுக்கு.

"சாயத்தொட்டி ஆவி தொண்டையில ஏறிடுச்சு. இவர்தான் நம்மளக் கீழே இழுக்குறாரு" என்றார் நோட்டரி. "பக்கத்து ஊரு படுவாவுல என் மச்சான் இருக்கான். கோயில்ல பாடுறவன். வரச் சொல்லட்டுமா?"

போர்த்தொலோவின் முகம் சுருங்கியது. நீலம் பிடித்த கையை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அவன் வாராவாரம் வருவது பாட்டுக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நாற்காலி போனால் ஓர்சோலாவைப் பார்க்க அவனுக்கு வேறு சாக்கு இல்லை. கண்ணாடிச் சாமான் வாங்குகிற வசதியும் இல்லை.

"சோதிச்சே பார்த்துடுவோம்" என்றாள் ஓர்சோலா. காலிக் கண்ணாடிக் கோப்பை ஒன்றைத் தன் முன் வைத்து, கத்தியால் தட்டினாள். ணிங்! "இதான் சுருதி. இறங்கி முடிச்சோம்னா மச்சான் வரட்டும். இல்லைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும், நோட்டரி."

பாடினோம். பாதியில் மேல்குரலுக்கு ஓய்வு வரும். மற்ற மூவரும் தொடர வேண்டும். அங்கேதான் வழுக்கியது. முதலில் வழுக்கியவர் நோட்டரிதான். போர்த்தொலோ பாவம், நெற்றியில் வேர்வை வழிய அவரைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்து, கூடவே இறங்கினான்.

எனக்கு என் பாட்டு மனப்பாடம். அதனால் கண்ணை எடுத்தேன். ஓர்சோலா ஜாடியைத் தூக்கிக் கோப்பையில் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். குடிக்கவில்லை. தலையைச் சாய்த்து எங்களைக் கேட்டாள், இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு தன் இடம் வந்ததும் பாட்டில் சேர்ந்துகொண்டாள்.

கடைசிச் சுரம் அடங்குமுன்பே தட்டினாள். கோப்பையும் நாங்களும் ஒரே சுருதி.

"அட! அப்படியே இருக்கே!" என்றார் நோட்டரி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி.

சந்தோஷம் தாங்காத போர்த்தொலோ கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தான். ணிங்! முன்னைவிட மேலே.

"இதென்ன, இப்ப ஏறிடுச்சு?" என்றார் நோட்டரி.

"குடிச்சா ஏறாதா? திருவிழாவுல நீங்க பாடினதை ஊரே கேட்டுச்சே!" என்றாள் ஓர்சோலா.

நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். கோப்பை நிறைய நிறைய அதன் சுருதி இறங்கும் என்பது கண்ணாடிக்கடைக்காரிக்கா தெரியாது?

போர்த்தொலோ இன்னும் கோப்பையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வாரம் எலுமிச்சை தேய்க்காம வாங்க, போர்த்தொலோ" என்றாள் அவள். "அந்த நீலம் நல்லாத்தான் இருக்கு."

அடுத்த பாட்டுக்குச் சுருதி கொடுத்தேன். ஏற்று என்று அவன் கேட்கவில்லை, இறக்கு என்று அவள் கேட்கவில்லை. பேரம் பேசாத ஆட்களைக் கண்டால் எனக்கு எப்போதும் பயம். அன்றைக்கு வரவில்லை.