கொசுவைத் தூங்க வைக்கும் விதம்

அந்தக் குழந்தைக்குக் கொசு என்று பேர் வைத்தது லாண்ட்ரியக்காவின் வீட்டுக்காரர். ஞானஸ்நானத்தில் போதகர் வைத்த லட்சணமான பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யார் அதைக் கூப்பிட்டார்கள்? காதுக்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருக்கும். எத்தனை தடவை இறக்கிவிட்டாலும் சுற்றிச் சுற்றி அதே ஆளிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஆள் லாண்ட்ரியக்கா. "இந்த வாலு என்னை வேலை செய்ய விடுதா பாருங்க" என்று துணி போட வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வாள். அலுப்பா அது? முகம் பூராவும் பெருமை வழியும்.

கீழே லாண்ட்ரி, மேலே வீடு. கல்யாணமாகி எத்தனையோ வருஷம், பிள்ளை இல்லை. அக்கா முழங்கால் தேய ஜெபித்துப் பார்த்தாள். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோய், ஒரு கட்டத்தில் ஆண்டவரிடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டாள். கோபம்தான், வேறென்ன.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் ஓர் அறிவிப்புச் சொன்னார். சபையில் ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் நோய் முற்றிவிட்டது, ஒட்டக்கூடிய நோய், தூரத்து ஆஸ்பத்திரியில் வெகு நாள் இருக்க வேண்டும். கையில் பால்குடி மறக்காத பெண் குழந்தை. புருஷன் எப்போதோ போன இடம் தெரியாமல் போய்விட்டான். யாராவது பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்காவின் கை மேலே போய்விட்டது. வீட்டுக்காரர் தன் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டாளோ என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

லாண்ட்ரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுத் துணி உள்ளே வந்தாலும் முதலில் மூலையில் நூலால் ஒரு குறி போட்டுவிடுவார்கள். கைமாறிப் போகக்கூடாதே. குழந்தை வந்த அன்று, வீட்டுக்காரர் கை பழக்கத்தில் அதன் துக்கடாச் சட்டைகள் எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் குறி போட்டார். வேறு யாருக்கும் போடாத குறி, அதன் அம்மாவுக்கென்று. கொசு தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயத்தில் அக்கா ஊசியை வைத்துக்கொண்டு அத்தனை குறியையும் பிரித்து எடுத்தாள். நூல் பிள்ளையின் கழுத்தை உறுத்துகிறதாம்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நம்ம தொழிலே அடுத்தவங்க துணியை வெளுத்துத் திருப்பிக் கொடுக்கறதுதானே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிள்ளையும் சட்டையும் ஒண்ணா என்று அக்கா ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், மனுஷன் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கொசுவின் அம்மா பிழைத்து வந்தாள். இளைத்து, குரல் கம்மிப்போய், ஆனால் குணமாகி. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலையும், இரண்டு தெரு தள்ளி ஓர் அறையும் கிடைத்தது. சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அக்காவும் சொன்னாள். சொன்ன கையோடு கொசுவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. அதனால் போதகர் ஓர் ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் பிள்ளையைக் கூட்டிப்போகட்டும், பழகட்டும். என்றைக்குப் பிள்ளை அம்மா தோளில் அழாமல் தூங்குகிறதோ, அன்றிலிருந்து அம்மாவோடேயே இருக்கட்டும். அக்கா நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினாள்.

முதல் ஞாயிறு அந்தப் பெண் கேட்டாள், எப்படித் தூங்க வைப்பீர்கள் என்று. என்ன பெரிய வித்தை, ஒரு பாட்டுப் பாடு, தூங்கிடுவா என்றாள் அக்கா. வாய் கூசாமல் சொன்னாள். கொசுவுக்குப் பாட்டு என்றால் ஆகவே ஆகாது. அது வளர்ந்தது இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில், துணிக்கூடைக்குள். நீராவிப் பெட்டி உஸ்ஸென்று மூச்சு விடும், பிறகு துணிமேல் பொத்தென்று உட்காரும். அதைக் கேட்டுக் கேட்டே தூங்கிப் பழகிய பிள்ளை. இடது தோளில் குப்புறப் போட்டு, காதோரம் உஸ்ஸ் என்று நீளமாக ஊதி, முதுகில் பொத்தென்று ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மறுபடி உஸ்ஸ். அவசரப்படவே கூடாது. வீட்டுக்காரர் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஊதுவார், கொசு சிரித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடும்.

ஆக, பாவம் அந்தப் பெண் ஞாயிறுதோறும் கம்மிய குரலில் பாடினாள். பொழுது சாயும்போது கண் வீங்கிய பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். படியிலிருந்தே கொசு அக்காமேல் பாயும். வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருக்கும் அக்காவுக்கு. அப்புறம் ஆரம்பிக்கும் புலம்பல். அந்த அறையில் ஈரம், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். அவள் வேலைக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? நோய் திரும்பி வந்தால்? இந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. கவலை என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். கவலையில் பாதி நிஜம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மீதிப் பாதி வெறும் "எனக்கு, எனக்கு" என்கிற கூப்பாடு. கவலை என்று சொன்னால் ஊரே பரிதாபப்படும். எனக்கு வேண்டும் என்று சொன்னால் யார் பரிதாபப்படுவார்கள்?

ஜெபத்திலும் தந்திரம் வந்துவிட்டது. உம்முடைய சித்தம் ஆகட்டும் என்பாள் வாய்விட்டு. அது என் சித்தமாகவும் இருந்துவிடட்டும் என்பாள் மனசுக்குள்.

அந்தச் சபையின் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு முறை இருந்தது. வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். யாரும் தன் காரியத்துக்குத் தானே ஜெபிக்கக்கூடாது. இடது பக்கம் இருக்கிறவர் காதில் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், அவர் அதை ஏற்றுக்கொண்டு சத்தமாக ஜெபிக்க வேண்டும். உங்க பாரம் உங்களுக்குத் தெரியும், பக்கத்து ஆள் பாரமும் கொஞ்சம் தோள்ல ஏறட்டும் என்பார் போதகர். கொசுவின் அம்மா திரும்பி வந்ததிலிருந்து அக்கா சாமர்த்தியமாக அவளுக்கு எதிர்ப்புறமாகவே இடம் பிடித்து வந்தாள்.

ஒரு புதன்கிழமை ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வந்து குவிந்துவிட்டன. கொசுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தபோது ஒரே ஒரு நாற்காலிதான் காலி. அதற்கு வலது பக்கம் கொசுவின் அம்மா. அக்கா வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். கொசு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா இருக்கிற பக்கம் முகத்தைக் காட்டாமல் திருப்பிக்கொண்டது.

முறை வந்தது. அந்தப் பெண் அக்காவின் காதருகே குனிந்தாள். பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்பாள் என்று அக்கா எதிர்பார்த்திருந்தாள். கேட்டால் கோபப்படலாம், கோபம் ஒரு துணை.

"நான் தூக்கினாலே அழறா அக்கா. நான் அவளுக்கு நல்லதில்லையோன்னு தோணுது. உங்ககிட்டயே விட்டுட்டுப் போயிடட்டுமான்னு ஆண்டவர்கிட்ட கேளுங்க. எனக்குக் கேக்க பயமா இருக்கு."

 இத்தனை நாள் அக்கா எதற்காக மனசுக்குள் மன்றாடினாளோ, அது தானாக மடியில் வந்து விழுகிறது. ஆண்டவரே கொடுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். வாயைத் திறந்து கேட்டால் போதும். சபை ஆமென் சொல்லும். கொசு அவளுக்கே.

கண்ணை மூடினாள். அன்புள்ள பரம தகப்பனே என்று எப்போதும் போல ஆரம்பித்தாள். அவ்வளவுதான், மேலே ஒரு வார்த்தை வரவில்லை.  அறை அமைதியாக இருந்தது. பரிசுத்த ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு எதிரில் ஓர் அம்மாள் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றாள். அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. அவர் அசைவாடவில்லை, என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

பக்கத்திலிருந்து கம்மிய மூச்சு கேட்டது. அக்கா பாடவைத்து இன்னும் கம்மவைத்த மூச்சு. இந்த மூச்சுக்காரியிடம் பொய் சொல்லிவிட்டு, அதே வாயால் ஆண்டவரிடம் என்ன பேச? தனக்குப் பிரியமானதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர் அவர். சொந்தப் பிள்ளையையே சிலுவைக்குக் கொடுத்தவர். அதற்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் அந்தப் பிள்ளையும் வியர்வை சொட்டச் சொட்ட, முடியாது போலிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுத்தானே பார்த்தது? கேட்டபிறகும் எழுந்து போனதே. அக்கா மனசுக்குள் சண்டை போடுவதை விட்டுவிட்டுக் கேட்டாள்: எனக்கு முடியலை, நீர் கூட வாரும். அவ்வளவுதான் கேட்டாள். பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்தோடேயே வாய் திறந்தது.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை இவ அம்மா தோள்ல தூங்கட்டும்."

காதில் சொன்னது இதில்லையே என்று அந்தப் பெண் திகைத்துக் கண் திறந்தாள். ஆமென் என்றது சபை. கூட்டம் இன்னும் முடியக்கூட இல்லை, அக்கா எழுந்து, வா என்று அவளைக் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். கொசு தூக்கக் கலக்கத்தில் சிணுங்க ஆரம்பித்திருந்தது. பாட்டுப் பாடச் சொன்னது பொய், அவளுக்குப் பாட்டு ஆகாது, வேணும்னேதான் சொன்னேன் என்றாள் அக்கா. மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. பிள்ளையைத் தன் கழுத்திலிருந்து பிரித்து எடுத்து அம்மாவின் இடது தோளில் குப்புறப் போட்டாள். கொசு வீறிட்டது. அக்காவைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதது. அக்கா ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, ஊதிக் காட்டினாள், தட்டிக் காட்டினாள். மெதுவா, இன்னும் மெதுவா என்றாள்.

நடக்காது என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பெண்ணின் கம்மிய குரலுக்கு உஸ்ஸ் அச்சு அசலாக நீராவிப் பெட்டி மாதிரியே வந்தது. அக்காவுக்குக்கூட அப்படி வந்ததில்லை. கொசு அழுகையை நிறுத்திக் காது கொடுத்தது. நீட்டிய கை மெல்லத் தொய்ந்து, அம்மாவின் ரவிக்கைக் கழுத்துக்குள் போனது. கண் சொருகியது.

"இவ்வளவுதானா அக்கா?" என்றாள் அவள், அழுதுகொண்டே, ஊதுவதை நிறுத்தாமல்.

"இவ்வளவுதான்" என்றாள் அக்கா.

அன்றைக்கே கொசு அம்மா வீட்டுக்குப் போனது. துணிமணிகளை வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அறையில் ஈரம் இருக்கா என்று அக்கா கேட்டாள். இருக்கு, சுவருக்கு நான் பூசிக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கேன் என்றார். பகலில் அவள் வேலைக்குப் போகும்போது பிள்ளையை லாண்ட்ரியில் விடச் சொல்லலாமே என்று அவரே ஆரம்பித்தார். அக்கா காலித் துணிக்கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். இப்ப வேண்டாம், முதல்ல அம்மாகிட்ட ஒட்டட்டும், அவ பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கறாங்களாம் என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

காலையில் கடை திறக்கும் முன் இரண்டு பேரும் இஸ்திரி மேஜைப் பக்கத்தில் நின்று ஜெபிப்பது வழக்கம். மறுநாள் அக்காதான் ஜெபித்தாள். பிள்ளைக்குச் சளி பிடிக்கக்கூடாது என்றாள். அவள் அம்மாவுக்கு நோய் திரும்பக்கூடாது என்றாள், இந்தத் தடவை மனசுக்குள் வேறெதுவும் ஒளித்து வைக்காமல். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினாள்.

"அவ என்னைத் தேடி அழ வேண்டாம் ஆண்டவரே. என்னை மறந்துடட்டும்."

வீட்டுக்காரர் ஆமென் சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். இன்னும் முடிக்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா மறக்கட்டும்."