வாத்தியார் வீட்டுக் குழந்தையின் கவுன்

வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க டெய்லரம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தளும்பத் தளும்ப ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்ப்பாள். தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டு மறுபக்கம் இறங்கியிருந்தால், "முன்னாடி தாழ்ந்திருக்கு, கட்டை வைக்கணும்" என்பாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் மறுபேச்சுப் பேச மாட்டார். சாய்ந்து நிற்கும் வண்டியில் ஒருநாள் குடித்தனம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பாத்ரூம் கதவு தானாகத் திறந்துகொண்டு ஆடும். முட்டை உருண்டு ஓடும். படுத்தால் ரத்தமெல்லாம் தலைக்கு ஏறி, விடிந்ததும் யாரோடாவது சண்டை போடத் தோன்றும். வண்டியில் இருப்பதே ரெண்டு பேர். அப்புறம் யாரோடு போடுவது?

அவர் சும்மா டிரைவர் இல்லை. முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ரிட்டையர் ஆகிற வரைக்கும் தொலைதூர பஸ் ஓட்டியவர். "ஊர் ஊரா ஜனங்களை இறக்கிவிட்டேன், ஒரு ஊர்லயும் நான் இறங்கிப் பார்க்கலை" என்பது அவருடைய தீராத குறை. ரிட்டையர் ஆன கையோடு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய இந்த கேரவனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ரிட்டையர்மென்ட் பணத்தில் வாங்கினேன் என்றார். இனிமேல் ரோடுதான் நமக்கு வீடு என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக அவள் ராத்திரி பகலாகக் காத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து, கூடவே கூட்டிக்கொண்டு போகிறாராம். அதைக் கேட்டபோது டெய்லரம்மாவுக்கு உள்ளே கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் வாயால் சொன்னது வேறு. "ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் இல்லை. வீட்டை வாடகைக்கு விடுங்க, விக்கிற பேச்சே வேண்டாம். என் தையல் ரூமைப் பூட்டிடுவேன், சாவி என்கிட்டதான் இருக்கும்."

"உன் ரூம்ல ஒரு ஈ நுழையாது" என்றார் டிரைவர்.

அந்தச் சாவி இப்போதும் அவள் கத்தரிக்கோலின் வளையத்தில் நூல் போட்டுக் கட்டித் தொங்குகிறது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இது எலி வளைதான், சந்தேகமில்லை. அதற்குச் சக்கரம் வேறு. உள்ளே ஒருத்தர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருத்தர் உட்கார வேண்டும். கிளம்புமுன் ஒவ்வொரு அலமாரிக்கும் கொக்கி மாட்ட வேண்டும், ஒன்றை மறந்தால் முதல் வளைவிலேயே தட்டெல்லாம் தரையில். தலையில் நுரையோடு குழாயை மூடிவிட்டு நின்று யோசிக்க வேண்டும், தொட்டியில் இன்னும் எத்தனை குவளை மிச்சமிருக்கும் என்று. கழிவுப் பெட்டியைக் கொண்டுபோய் யார் கொட்டுவது என்று முதல் மாதம் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் அவர் தலையில் விழுந்தது. பொய் சொல்வானேன், சில காலைகள் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தன. ஒருநாள் கதவைத் திறந்தால் ஆறு, இன்னொரு நாள் கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. மிஷின் இல்லை, துணி விரித்து வெட்ட ஒரு மேஜை இல்லை என்பதுதான் குறை. மடியில் போட்டுக் கையால் தைத்துத் தைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. வருஷம் முடியட்டும், போய் என் மேஜை முன்னால் நிமிர்ந்து நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்வாள்.

வண்டியைப் பின்னால் எடுப்பதில் டிரைவருக்கு ஒரே ஒரு சட்டம். கண்டக்டரோடு போட்டுக்கொண்ட பழைய சட்டத்தை அப்படியே பெண்டாட்டியிடம் கொண்டுவந்திருந்தார். "கண்ணாடியில நீ தெரியலைன்னா ஒரு அங்குலம்கூட நகர மாட்டேன்." அவள் பின்னால் போய் நின்று கையை அசைத்தால் வண்டி வரும், விரலை மடக்கினால் நிற்கும். இத்தனை பெரிய வண்டி தன் சுண்டுவிரலுக்குக் கட்டுப்படுவதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு.

வீட்டுக்குக் குடிவந்தது ஒரு வாத்தியார் குடும்பமாம். அவர்களிடம் வீட்டை ஒப்படைக்க டிரைவர் மட்டும் பஸ் பிடித்துப் போய் வந்தார். திரும்பும்போது கையோடு நாலு பலகைத் துண்டுகள். "மரக்கடையில சும்மா கிடந்துச்சு. சக்கரத்துக்கு ஆகும்" என்று கழிவு ஆயிலைத் தடவிக் கறுப்பாக்கி அடிப்பெட்டியில் போட்டார். அதற்கப்புறம் அவருடைய போனில் வாத்தியார் வீட்டுச் சேதிகள் வரத் தொடங்கின. சமையலறைக் குழாய் ஒழுகுகிறதாம். "கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சுத் திருகச் சொல்லுங்க. அது அப்படித்தான், பழகணும்" என்பாள் டெய்லரம்மா. "சரியாயிடுச்சாம், உனக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க" என்பார் மறுநாள். மழைக்கு ஜன்னல் உப்பிக்கொண்டதாம். "மெழுகுவத்தியைத் தேய்க்கச் சொல்லுங்க." அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தையாம், படு சுட்டியாம். அன்றைக்கே மஞ்சள் துணி ஒன்றை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு அந்த வயதில் தைத்த அளவு கைக்கு மறக்கவில்லை. இடுப்பில் சுருக்கம், கழுத்தில் வெள்ளை ஓரம், முதுகில் மூன்று பட்டன். தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று டிரைவர்தான் எடுத்துப்போனார். "போட்டதைக் கழட்டவே மாட்டேங்குதாம்" என்று அவர் வந்து சொன்ன நாளில் அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் இந்த ஏரிக்கரைக்கு வந்தார்கள். சாயங்காலம். ஏரியைத் தடுத்து ஒரு குட்டைச்சுவர், அதைப் பார்த்து மூக்கை நீட்டி வண்டியை நிறுத்த வேண்டிய இடம். டம்ளர் வைத்துப் பார்த்தால் தண்ணீர் முன்பக்கமாக ஓடியது. எப்போதும் கட்டை வைப்பது டிரைவர் வேலை. "உன் முதுகுக்கு ஆகாது" என்று அவளை அந்த அடிப்பெட்டிப் பக்கமே விட மாட்டார். கரிசனம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் அன்றைக்கு அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. "நீங்க வண்டியை எடுங்க, நான் வைக்கிறேன்" என்று இறங்கியவளை அவர் கூப்பிட்டார்தான். இஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை.

பலகையை இழுத்துச் சக்கரத்துக்கு அணைவாகத் தள்ளும்போது, விரல் அதன் ஓரத்தில் ஓடியது. ஒரு கீறல். அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. எல்லாம் ஒரே இடைவெளி, ஒவ்வொரு இஞ்ச். ஐந்தாவது மட்டும் கோணலாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. இஞ்ச் டேப்பை மகள் எங்கேயோ ஒளித்து வைத்த நாளில், கோபத்தில் பிளேடால் தன் தையல் மேஜை ஓரத்தில் டெய்லரம்மாவே கீறிய கோடுகள் அவை. ஐந்தாவது கோடு போடும்போது குழந்தை வந்து முழங்கையைப் பிடித்து இழுத்தது. நகத்தால் கறுப்பைச் சுரண்டினாள். உள்ளே, வெட்டுமுன் துணியில் புள்ளி வைக்கிற பல்சக்கரம் வருஷக்கணக்காக ஓடி ஓடிப் போட்ட பொடிப் புள்ளிகள், கழுத்து வளைவு வளைவாக.

"வரட்டுமா?" என்றார் டிரைவர் மேலேயிருந்து.

அவள் எழுந்து தள்ளி நின்று கையை அசைத்தாள். சக்கரம் பலகைமேல் ஏறியது. மரம் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

உள்ளே வந்து டம்ளரைப் பார்த்தாள். சனியன், அன்றைக்கென்று ஒரு துளி சாயவில்லை. "சமமா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றாள்.

காலையில் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனதும் மகளை வீடியோ காலில் கூப்பிட்டாள். மகள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால், அவள் வீட்டுச் சுவரோரம், போர்வை போட்டு மூடிய ஒரு சாமானும் தெரிந்தது. இத்தனை மாதமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. என்னடி அது என்று ஒருமுறை கேட்டதற்கு அட்டைப்பெட்டி என்றிருந்தாள்.

"அந்தப் போர்வையை எடு" என்றாள் டெய்லரம்மா.

"எதும்மா?"

"எடுடி."

மகள் எடுக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா தைத்துத் தைத்துக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்த அதே மிஷின் இவள் வீட்டு மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறது. "அப்பாவே சொல்றேன்னாரும்மா. சரியான நேரம் பார்த்துச் சொல்றேன், நீ வாயைத் திறக்காதேன்னாரு. நானும் எத்தனை தடவை..."

"அந்த வாத்தியார் யாரு?"

"யாரும் இல்லைம்மா. வீட்டை வாங்கினவங்க அடுத்த மாசமே இடிச்சுட்டாங்க."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் பேசும்போது அவளும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டியிருக்கிறாள். அறுபடுகிறவருக்குக் கழுத்து வலிக்காது, வெட்கம்தான் பிடுங்கித் தின்னும் என்பது இப்போதுதான் தெரிந்தது. இல்லாத குழாயை எப்படித் திருக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! இல்லாத ஜன்னலுக்கு மெழுகுவத்தி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், அவள் அந்தச் சோற்றையே ருசித்துச் சாப்பிட்டதை ரெண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்பனும் மகளும் அந்தக் கதையைத் தனியாகப் பேசிச் சிரித்திருப்பார்களோ என்னவோ!

டிரைவர் குடத்தோடு வந்தார். பெண்டாட்டி வண்டிக்கு வெளியே, சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததுமே குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"வீட்டை விக்கிறதா அட்வான்ஸ் வாங்கித்தான் வண்டியே வாங்க முடிஞ்சுது" என்றார். "சொன்னா நீ வந்திருக்க மாட்டே."

"பூட்டை உடைச்சீங்களா?"

"சேச்சே. பூட்டுல கை வைக்கலை. கீலைக் கழட்டித்தான் கதவை எடுத்தேன்." என்னமோ அது ஒரு மரியாதை மாதிரி சொன்னார். "மேஜை பெரிசு, எங்கேயும் கொண்டுபோக முடியலை. அங்கேயே விட்டுட்டு வரவும் மனசு வரலை. நீ நின்னு வேலை பார்த்த மரம்."

"மனசு வராமதான் அறுத்துச் சக்கரத்துக்குக் கீழ போட்டீங்களா?"

எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டிய மனுஷனுக்கு மரம் என்றால் ஒன்று விறகு, இல்லாவிட்டால் சக்கரக் கட்டை. கூடவே இருக்கட்டும் என்று எடுத்துவந்ததை இருக்கிற ஒரே இடத்தில் வைத்திருக்கிறார். அவர் செய்ததில் அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கவுன் எங்கே?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் வண்டியில் ஏறி, தன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அவள் சுற்றிக்கொடுத்த காகிதத்தோடு அப்படியே எடுத்துவந்து நீட்டினார். ஒட்டியதுகூடப் பிரியவில்லை. "தூக்கிப் போட மனசு வரலை" என்றார்.

"உங்களுக்கு எதுக்குத்தாங்க மனசு வந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவர் முன்னால் உடையக் கூடாது என்று நினைத்திருந்தாள்.

அவர் ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழை வரப் போகுது. இந்தச் சரிவுல மண்ணு இளகினா வண்டி மாட்டிக்கும். முதல்ல மேட்டுக்கு எடுத்துடலாம், அப்புறம் உட்கார்ந்து பேசிக்கலாம். பின்னாடி வாய்க்கால் இருக்கு, நீ போய்க் கை காட்டு." வாழ்நாளெல்லாம் எந்தப் பேச்சு முற்றினாலும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனவர், இப்போதும் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இஞ்சின் உறுமியது.

டெய்லரம்மா வழக்கம்போல் டிரைவர் பக்கமாகவே பின்னால் நடந்தாள். பாதி அடியில் நின்றாள். திரும்பி வந்தாள். காகிதத்தைப் பிரித்தாள். கவுன் மடிப்புக் கலையாமல் இருந்தது. பஸ்ஸுக்கு இருப்பதுபோல நீளமான பக்கக் கண்ணாடி, அவள் நெஞ்சு உயரத்தில், ஒரு கம்பியில் தொங்கியது. முதுகுப் பட்டன்களைத் திறந்து கவுனை அதற்குச் சுற்றிப் போட்டாள். கழுத்து அந்தக் கம்பியில் போய் உட்கார்ந்தது. குழந்தைக்குச் செய்வதுபோல் ஒரு பட்டன், ரெண்டாவது பட்டன், மூணாவது பட்டன். இடுப்புச் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். அளவு சரியாக இருந்தது.

அப்புறம் போய் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பலகையின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டாள். விரல் ஒவ்வொரு கோடாகத் தேடிப் போனது.

"ஏம்மா" என்று ஜன்னலைத் திறந்து டிரைவர் கூப்பிட்டார். "கண்ணாடியில நீ தெரியலை."

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் தூறல் விழுந்தது. ஏரிக்காற்றில் அந்த மஞ்சள் கவுன் ஒருமுறை உப்பி அடங்கியது.