கழுத்துக்குக் கீழே

காரிமங்கலம் கடைவீதியில் உள்ள ஜவுளிக்கடையில் பாஞ்சாலிக்கு ஒன்பது வருட வேலை. முதலாளியின் மருமகள் சுமித்ரா அங்கே குண்டான பெண்களுக்கென்று தனியாக ஒரு சுடிதார் பிரிவு தொடங்கினாள். வாசலில் ‘எல்லா உடம்பும் அழகுதான்’ என்று பேனர் வைப்பதாக ஏற்பாடு. அதில் பாஞ்சாலியின் படம் வரவேண்டும் என்பது சுமித்ராவின் யோசனை.

“மூட்டைன்னு கூப்பிட்டவங்க எல்லாம் இனி அண்ணாந்து பாக்கட்டும்,” என்றாள் பாஞ்சாலி. அன்று சாமி கும்பிட்டு, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள்.

போட்டோகிராபர் முத்துராஜ் அதிகம் வாய் திறக்காதவன். “சிரிங்கக்கா,” என்றான். சிரித்தாள்.

சுமித்ரா கேமராவில் பார்த்தாள். “பல்லு தெரியுதுக்கா. வாயை மூடிட்டுச் சிரிங்க.”

பாஞ்சாலியின் பற்களில் காவிக் கோடுகள். பிறந்த ஊரின் போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு செய்த வேலை. அங்கே பாதிப் பேருக்கு இதே பல்தான்.

வாயை மூடிச் சிரித்தால் யாரையோ திட்ட வருகிற முகமாக இருந்தது. இருபது படம் ஆயிற்று. கால் கடுத்தது.

“விடுங்க, கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கிடலாம்,” என்றாள் சுமித்ரா.

“வேண்டாங்க. எங்க வூட்டுக்காரரே யாரு இதுன்னு கேப்பாரு.”

“எல்லாரும் பாக்கற பேனராச்சேக்கா...”

பாஞ்சாலிக்கு வாதாடத் தெம்பில்லை. “அப்பக் கழுத்துக்குக் கீழ எடுத்துக்குங்க. அதுவரைக்கும் அழகுதானே.”

கேலியாகத்தான் சொன்னாள். சந்தை நாளன்று பேனர் ஏறியது. மஞ்சள் சுடிதார், கழுத்து வரைக்கும்.

“ஏன்டி, இவளுக்குத் தலையக் காணோம்?” என்று இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். பாஞ்சாலிதான் அவர்களுக்குத் துணி எடுத்துப் போட்டாள்.

மத்தியானம் முத்துராஜ் வந்து ஒரு படத்தை நீட்டினான். அவள் முதலில் சிரித்த படம்.

“அழிக்க மனசு வரலீங்கக்கா.” சற்றுத் தயங்கி, உதட்டை விலக்கித் தன் பல்லைக் காட்டினான். அதே காவி.

“அட, உங்களுக்குமா!”

“எங்கூர்த் தண்ணியும் அப்படித்தானுங்க.”

உடை போட்டுப் பார்க்கும் அறையின் கண்ணாடி ஓரத்தில் பாஞ்சாலி அந்தப் படத்தை ஒட்டினாள். சுமித்ரா வந்து நின்று பார்த்தாள். எடுக்கச் சொல்வாள் என்று பாஞ்சாலி காத்திருந்தாள். பெரிதாக எதையும் கேட்டு பாஞ்சாலிக்குப் பழக்கமில்லை. தீர்த்தமலை சாமியிடமும் சின்னதாகத்தான் கேட்பாள்; இப்போது கேட்டது, அந்தப் படம் அங்கேயே இருக்கட்டும் என்று.

பேனர் அப்படியேதான் இருந்தது. ஆனால் சுமித்ரா, படத்தின் பெயர்ந்திருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள்.