சொல்லூட்டல்

பேராசிரியர் வீட்டில் குழந்தையிடம் ‘மம்மு’ என்றோ ‘ஜோஜோ’ என்றோ யாரும் சொல்லக் கூடாது. சோறு சோறுதான், தூக்கம் தூக்கம்தான். மழலை என்பது பெரியவர்களின் சோம்பேறித்தனம் என்று அவர் எழுதியிருந்தார். எழுதியதோடு விடாமல் வீட்டில் அதைச் சட்டமாகவும் ஆக்கியிருந்தார். காலையில் மகனுக்குப் பல் தேய்த்துவிடும்போதே பாடம் தொடங்கிவிடும். “இது பற்பசை. இது நுரைக்கிறது. நுரை வெண்மையானது. வெண்மைக்கு எதிர்ப்பதம் கருமை.” மூன்று வயது மகன் நுரையைத் துப்புவான்.

குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்பதில் அவர் பேர்போன நிபுணர். கொள்கை எளிது. குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலக் காதில் சொல்லை ஊற்றிக்கொண்டே இருந்தால், நிறைந்ததும் வாய்வழியாக வழியும். இதைச் சொல்ல அவருக்குத் தலையணை பருமனில் ஒரு புத்தகம் தேவைப்பட்டது. பெயர் ‘சொல்லூட்டல்’. அட்டையில் அப்பாவும் மகனும். அப்பாவின் வாய் திறந்திருந்தது, மகனின் வாய் மூடியிருந்தது. அந்தப் புத்தகத்தில் உண்மை என்று சொல்ல அந்த ஒரு படம்தான் இருந்தது.

மகன் அதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

ஆனால் வாயசைப்பான். அப்பாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலைத் தூக்கி, புருவத்தை ஏற்றி, உதட்டைக் குவித்தும் விரித்தும் ஒரு முழுச் சொற்பொழிவே ஆற்றுவான். நடுநடுவே மூக்கில் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்வான். சத்தம் மட்டும் வராது. வீட்டுக்கு வருகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

“அப்படியே என் தம்பிய உரிச்சு வெச்சிருக்கான்,” என்பாள் பேராசிரியரின் அக்கா. “இவனும் லேட்டாத்தான் வாயத் திறந்தான். அப்புறம் இன்னிக்கு வரைக்கும் மூடல.”

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. அங்கே மைக் கெட்டுப்போகும் நாட்களில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் எல்லோரும் அவள் மகனைப் போலத்தான் தெரிவார்கள்.

“என்னங்க, பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறான். காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாமா?”

“அதுக்குப் பேரு ஆழ்ந்த கவனம்.”

“லைட்டப் போட்டா மட்டும் திரும்பறானே.”

“நாலாவது அத்தியாயத்துல இதைப் பத்தி எழுதியிருக்கேன். நீ எங்க படிச்சே?”

ஒருநாள் அவளே சோதித்துப் பார்த்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த பாத்திரத்தைப் போட்டாள். வெடுக்கென்று திரும்பினான். அவள் அங்கேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். அது பலகைத் தரை. அதிர்வு பலகை வழியே ஓடி அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் இடித்திருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அந்தப் பாத்திரம் அவளுக்குப் பல மாத நிம்மதியைக் கொடுத்தது. அந்த மாதங்களைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்க எந்தப் பாத்திரத்தாலும் முடியாது.

நிம்மதி கரைந்ததும் மறுபடி கேட்டாள். அதற்குள் புத்தக வெளியீட்டு விழா நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் வாங்கிவைத்திருந்த தேதியைப் பேராசிரியரே போன் பண்ணி ரத்து செய்தார்.

“இவ்வளவு எழுதினவன் பிள்ளைக்குக் காது கேக்கலன்னு எவனாவது கிளப்பிவிட்டா, புத்தகத்த எடைக்குத்தான் போடணும். விழா முடியட்டும்.”

“முடிஞ்ச மறுநாளே போயிடணும்.”

“போ. ஆனா தேவைப்படாது. அவன் பேசறான்டி! நமக்குத்தான் கேக்கல. குரல் சன்னம். மைக்க வெச்சா கேக்கும்.”

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் தெரிந்தது. கடைசி வரி: ‘ஏற்புரை: நூலாசிரியரின் மகன்.’

அவள் அழைப்பிதழைக் கிழித்தாள். அவர் இன்னொன்றை எடுத்து வைத்தார். மறுநாள் ஆஸ்பத்திரி உண்டு என்று அக்கா முன்னால் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காக அவள் குழந்தைக்குப் புதுச் சட்டை மாட்டினாள்.

விழாவில் பேசியவர்கள் யாரும் புத்தகத்தைத் திறந்த பாவத்துக்கு ஆளாகவில்லை. அதனால் புகழ்ச்சி தங்குதடையின்றி ஓடியது. ஒருவர் இதைக் கைக்குழந்தைகள் அவசியம் படிக்க வேண்டும் என்றார். பிறகு மகனைத் தூக்கி ஸ்டூலின் மேல் நிறுத்தி, மைக்கை வளைத்து உதட்டோடு ஒட்டினார்கள்.

குழந்தை கூட்டத்தைப் பார்த்தான். முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். விரலைத் தூக்கினான். அப்புறம் பிரமாதமாகப் பேசினான். புருவம் ஏறியது, கை விரிந்தது, முக்கியமான இடத்தில் ஒரு கணம் நிறுத்தவும் நிறுத்தினான். கூட்டம் முதலில் முழித்தது, பிறகு சிரித்தது, பிறகு கைதட்டியது.

பேராசிரியர் எழுந்து மைக்செட்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். “சத்தத்த ஏத்துப்பா! இன்னும் ஏத்து!”

ஏற்றினார். ஒலிபெருக்கி ஊளையிட்டது. காதுக்குள் ஆணி இறங்கியதுபோல மண்டபமே குனிந்தது. விழாத் தலைவர் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது.

ஸ்டூலில் நின்றவன் இமைகூடக் கொட்டவில்லை. விரலைத் தூக்கியபடி பேசிக்கொண்டே இருந்தான். எல்லோரும் காதில் கை வைத்திருப்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தான். தானும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

மைக்செட்காரர் சத்தத்தை அடியோடு நிறுத்தினார். யாரும் கைதட்டவில்லை.

“மைக்கு சரியில்ல,” என்றாள் அக்கா.

“ஆமா. மைக்தான்,” என்றார் பேராசிரியர். அதற்குள் மனைவி மேடையேறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக இறங்கியிருந்தாள்.

மறுநாள், சோதனைகள் முடிந்ததும் டாக்டர் மூவரையும் உட்கார வைத்தார்.

“ரெண்டு காதும் பிறவியிலேயே கேக்கலம்மா. முதல் வருஷமே வந்திருந்தா நிறைய செஞ்சிருக்கலாம். இப்பவும் கருவி வெக்கலாமான்னு பாப்போம். கையால பேசற மொழிய இன்னிக்கே ஆரம்பிங்க, வீட்டுல எல்லாரும் கத்துக்கங்க. ஆனா மத்த பிள்ளைங்களுக்கு இதெல்லாம் விளையாட்டோட விளையாட்டா வந்துடும். இவன் ஒவ்வொண்ணையும் உழைச்சு வாங்கணும்.”

“அப்போ என்கூடப் பேசினானே, அது?” என்றார் பேராசிரியர்.

“பேச்சு இல்ல சார். உங்க முகம் அசையறதப் பாத்திருக்கான். பெரியவங்க விளையாடற விளையாட்டுன்னு நெனச்சு அவனும் ஆடியிருக்கான்.”

அவள் மெதுவாகக் கேட்டாள். “அவன் பேரு… அதுவாவது அவனுக்குத் தெரியுமா?”

அந்தப் பெயருக்காகப் பேராசிரியர் அவள் கர்ப்பகாலம் முழுக்கப் பழைய நிகண்டுகளைப் புரட்டியிருந்தார்.

“தெரியாதும்மா.”

“கூப்பிட்டா வரானே டாக்டர்.”

“உங்க கையப் பாத்து வரான்.”

“நான் அவன் அம்மான்னாவது…”

“நீங்க யாருன்னு நல்லாத் தெரியும். அதுக்கு ஒரு சொல் இருக்குன்னு தெரியாது. எதுக்குமே பேர் இருக்குன்னு அவனுக்குத் தெரியாது.”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “இந்த நிலைய மொழியியல்ல நாங்க என்ன சொல்வோம்னா…”

“பேசாதீங்க,” என்றாள் அவள்.

அவர் வாய் மூடியது. அவள் மடியிலிருந்த குழந்தை அதையே பார்த்தான். சற்று நேரம் காத்திருந்தான். பிறகு இறங்கிப் போய் அப்பாவின் முழங்காலில் ஏறி, மூடிய உதடுகளை இரண்டு கை விரல்களாலும் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்தான்.